18 நாளில் சிங்கப்பூர் விமானம், அம்மாவுக்குப் பாஸ்போர்ட் இல்லை: சேலத்திலிருந்து தட்கல் எடுக்க முடியுமா?

கேள்வி (அம்மாபேட்டை வாசகர்), ஜூன் 2, இரவு 9.40

தங்கச்சிக்குச் சிங்கப்பூர்ல பிரசவம். அம்மா போயே ஆகணும். 20-ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டாச்சு. அம்மாவுக்கு வயசு 58, இதுவரைக்கும் பாஸ்போர்ட்டே எடுத்ததில்ல. ஆதார், ஓட்டர் ஐடி, ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் இருக்கு. தட்கல்ல 3,500 கட்டினா மூணே நாள்ல கைக்கு வந்துரும்னு ஜெராக்ஸ் கடையில சொல்றாங்க. நெசமா? சேலத்துலயே முடியுமா, கோயமுத்தூர் போகணுமா?

ஜூன் 2, இரவு 10.25

முடியும். ஆனால் அந்த மூன்று நாள் எங்கிருந்து தொடங்குகிறது என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை. பணம் கட்டிய நாளிலிருந்து அல்ல. பாஸ்போர்ட் சேவை மையத்துக்கு அம்மா நேரில் போய், கவுண்ட்டர்கள் எல்லாவற்றையும் தாண்டி, விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளுக்குப் பிறகுதான் எண்ண வேண்டும். சமர்ப்பித்த நாள் கணக்கில் வராது. வேலை நாட்கள் மட்டுமே வரும். மூன்றாம் நாள் நடப்பது அனுப்புதல்தான். கைக்கு வருவது அதற்குப் பிறகு.

வியாழக்கிழமை சமர்ப்பித்தால் வெள்ளி ஒன்று, திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று. செவ்வாய் ஸ்பீட் போஸ்டில் கிளம்பினால் புதனோ வியாழனோ அம்மாபேட்டைக்கு வரும். ஆக ஒரு முழு வாரம்.

அதன்மேல் சிங்கப்பூர் விசா இருக்கிறது. பாஸ்போர்ட் எண் கையில் இல்லாமல் அதற்கு விண்ணப்பிக்க முடியாது. அதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். மிச்சம் நான்கு நாள். அந்த நான்கு நாளுக்குள் அப்பாயிண்ட்மென்ட் பிடிக்க வேண்டும். இன்றிரவே தொடங்குங்கள்.

ஜூன் 2, இரவு 11.10

தொடங்கும் வழி. பாஸ்போர்ட்இந்தியா டாட் ஜிஓவி டாட் இன், இது ஒன்றுதான் அரசுத் தளம். தேடினால் இதே சாயலில் வேறு தளங்களும் வரும். அவை கூடுதல் பணம் வாங்குவதோடு ஆதார் நகலையும் வாங்கிக்கொள்ளும். முகவரியை நீங்களே தட்டச்சு செய்து திறந்தால் அந்த ஆபத்து இல்லை.

பதிவு செய்யும்போதே எந்தப் பாஸ்போர்ட் அலுவலகம் என்று கேட்கும். அங்கே அவசரப்பட்டு விரலை வைத்துவிடாதீர்கள். கோவை என்று தேர்ந்தெடுத்தால் கோவையின் கீழ் உள்ள மையங்கள் மட்டுமே பிறகு வரும். 2018 ஜூனிலிருந்து நாட்டில் எந்த அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம் என்று ஆகிவிட்டது. சேலத்துக்காரர் திருச்சியிலோ பெங்களூருவிலோ கொடுக்கலாம். போலீஸ் விசாரணை சேலம் முகவரிக்குத்தான் வரும், பாஸ்போர்ட்டும் அந்த முகவரிக்குத்தான் வரும்.

எனவே முதலில் தளத்தில் அப்பாயிண்ட்மென்ட் இருப்பைக் காட்டும் பக்கத்தைத் திறந்து கோவை, திருச்சி, சென்னை, பெங்களூரு நான்கையும் பாருங்கள். சென்னையில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் என்று மூன்று மையங்கள். பெங்களூருவில் லால்பாக், மாரத்தஹள்ளி. எது முந்தைய தேதி காட்டுகிறதோ அந்த அலுவலகத்தைத் தேர்ந்தெடுங்கள். சேலம் தலைமை அஞ்சலகத்தில் உள்ள மையத்தை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். ஊருக்குள்ளேயே கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் கோவை 165 கிலோமீட்டர்தான். காலை முதல் வண்டியில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

ஜூன் 3, காலை 6.50

நேற்று எழுதியதில் பணக் கணக்கை விட்டுவிட்டேன். 3,500 ரூபாய் என்பது சரி: 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500, தட்கலுக்குக் கூடுதலாக 2,000. ஆனால் முழுவதையும் ஆன்லைனில் கட்டச் சொல்லாது. 1,500 ஆன்லைனில் போகும். 2,000 மையத்தில் தட்கல் ஏற்கப்பட்ட பிறகு வாங்குவார்கள். அதை ரொக்கமாக, தனி உறையில் எடுத்துப் போங்கள். 60 பக்கம் கேட்டால் 500 கூடுதல். ஒரு பேரக்குழந்தையைப் பார்க்கப் போகும் அம்மாவுக்கு 36 பக்கம் தாராளம்.

தட்கலுக்கு டிக்கெட், மருத்துவமனைக் கடிதம் எதுவும் காட்டத் தேவையில்லை. ஏன் அவசரம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதேபோல, தட்கல் என்று கொடுத்தாலே கிடைத்துவிடும் என்ற உரிமையும் கிடையாது. முடிவு பாஸ்போர்ட் அதிகாரியுடையது.

ஜூன் 3, காலை 11.15

“ஆதாரோட சேர்த்து மூணு ஆவணம் போதும்தானே, எங்ககிட்ட நாலு இருக்கே?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

எண்ணிக்கை போதும். முன்பு ஓர் உயர் அதிகாரியிடம் சரிபார்ப்புச் சான்று வாங்க வேண்டியிருந்தது. 2018 தொடக்கத்தில் அது போய்விட்டது. இப்போது பட்டியலில் உள்ள மூன்று ஆவணங்களும், அனெக்சர் ஈ என்ற சுய உறுதிமொழியும் போதும். வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, பான், ஓட்டுநர் உரிமம், வங்கிப் பாஸ்புக், பிறப்புச் சான்று, ஓய்வூதிய ஆவணம், சொத்துப் பத்திரம், சாதிச் சான்று எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

ஆனால் நான்கையும் மேசைமேல் வரிசையாக வைத்து, ஒரு பேனாவால் எழுத்து எழுத்தாகத் தொட்டுப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள், தமிழை அல்ல. ராஜாமணி என்று நான்கிலும் தமிழில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆங்கிலத்தில் ஒன்றில் ‘ஜா’வுக்கு ஓர் ‘ஏ’, இன்னொன்றில் இரண்டு ‘ஏ’. ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் இனிஷியலே இல்லை. நம் ஊரில் தட்கல் நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அச்சடிக்கும் இயந்திரம் வேகமாகத்தான் ஓடுகிறது. ஒரே ஆள் என்று மூன்று காகிதங்களும் சேர்ந்து சொல்லவேண்டும், அதுதான் நேரம் எடுக்கிறது.

பிறந்த தேதியையும் பாருங்கள். பழைய ஆதார் அட்டைகளில் வருடம் மட்டும் இருக்கும். அப்படி இருந்தால் அது பிறந்த தேதிக்கான சான்றாக நிற்காது. முழுத் தேதி உள்ள வேறொன்று வேண்டும்: பள்ளி மாற்றுச் சான்றிதழ், பான், வாக்காளர் அட்டை, எல்ஐசி பாலிசிப் பத்திரம்.

ஜூன் 3, மதியம் 2.30

இனிஷியல் பற்றித் தனியாக எழுதவேண்டும், ஏனென்றால் வடநாட்டு வழிகாட்டிக் குறிப்புகள் எதிலும் இது இருக்காது.

படிவத்தில் இரண்டு பெட்டிகள். ஒன்று கொடுக்கப்பட்ட பெயர், இன்னொன்று குடும்பப் பெயர். இனிஷியலை எதிலும் போடக்கூடாது, விரித்துத்தான் எழுதவேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, அப்பா பெயரோ கணவர் பெயரோதான். குடும்பப் பெயர்ப் பெட்டியைக் காலியாக விட்டாலும் படிவம் ஏற்றுக்கொள்ளும். அதனால்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

விடாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்பதில்லை. அப்பா பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்பதாகப் பிறகு விளக்கம் தந்தார்கள். சிங்கப்பூருக்கு அந்தத் தடை இல்லை என்றாலும், விமான டிக்கெட் படிவம் கடைசிப் பெயரைக் கேட்டே தீரும். ஒற்றைப் பெயர்க்காரருக்கு ஒரு நிறுவனம் அதே பெயரை இரண்டு முறை போடும், இன்னொன்று வேறு குறியீடு போடும்.

பெண்களுக்கு இதில் இன்னொரு முடிச்சு. பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த வாக்காளர் அட்டையில் கணவரின் இனிஷியல். இரண்டும் செல்லும் ஆவணங்கள்தான், ஆனால் ஒரே கட்டில் வைத்தால் இரண்டு பேராகத் தெரியும். எந்த எழுத்து அதிக ஆவணங்களில் இருக்கிறதோ அதை முடிவு செய்து, மூன்றையும் அதே கோட்டில் உள்ளவையாகப் பொறுக்குங்கள். உங்களிடம் நான்கு இருப்பது இதற்குத்தான் உதவும். ஒத்துப்போகாத ஒன்றை விலக்கிவிடலாம்.

ஜூன் 3, மாலை 5.05

அம்மாபேட்டை வாசகர் ஆவணங்களின் விவரம் எழுதியிருக்கிறார்: ஆதாரிலும் வாக்காளர் அட்டையிலும் பாஸ்புக்கிலும் கணவர் இனிஷியல், ஒரே எழுத்து. ரேஷன் கார்டில் மட்டும் வேறு எழுத்துக்கூட்டல். நல்லது. ரேஷன் கார்டை வீட்டில் வையுங்கள். பாஸ்புக்கில் புகைப்படம் ஒட்டி வங்கி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாளைக் காலை வங்கி திறந்ததும் முதல் வேலை அதுதான். கடைசிப் பதிவு வரை அச்சடித்தும் வாங்குங்கள்.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர் என்றால் மதிப்பெண் பட்டியலையும் எடுத்துப்போங்கள் என்று எல்லோருக்கும் சொல்வது வழக்கம். இதை விட்டுவிட்டு வருபவர்களுக்கு ஈசிஆர் (வேலைக்குப் போகுமுன் குடியேற்றச் சோதனை தேவை) வகைப் பாஸ்போர்ட் கிடைக்கும், வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும்போது குடியேற்றச் சோதனையில் நிற்க நேரும். அம்மாவுக்கு அது வேண்டியதில்லை: 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தச் சோதனை இல்லை. 18 வயதுக்குக் கீழானவர்களுக்கும் இல்லை.

ஜூன் 4, காலை 7.20

ஏற்காட்டிலிருந்து ஒரு கேள்வி: “நாகலூர் பக்கம் எஸ்டேட் லைன் வீடு. கதவு நம்பரே கிடையாது. போலீஸ் எப்படி வருவாங்க, தபால் எப்படி வரும்?”

ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம். எஸ்டேட் பெயர், கிராமம், ஏற்காடு, அஞ்சல் குறியீட்டு எண். காவல் நிலையம் கேட்கும் இடத்தில் ஏற்காடு. இதில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது: சேலம் மாநகரக் காவல் வேறு, சேலம் மாவட்டக் காவல் வேறு. ஏற்காடு மாவட்டக் காவலின் கீழ் வரும். அம்மாபேட்டை, அஸ்தம்பட்டி, செவ்வாய்பேட்டை மாநகரத்தில் வரும். படிவத்தில் தப்பாகப் போட்டால் கோப்பு இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கும்.

தபாலுக்கு: பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்டில் மட்டும்தான் வரும், கூரியரில் வராது. விண்ணப்பதாரர் கையில், அடையாள அட்டை பார்த்துத்தான் தருவார்கள். ஆள் இல்லையென்றால் அஞ்சலகத்தில் சில நாள் வைத்திருந்து பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அனுப்பியதும் குறுஞ்செய்தியில் ட்ராக்கிங் எண் வரும். அது ஏற்காடு அஞ்சலகத்துக்கு வந்துவிட்டதாகக் காட்டியதும் அடையாள அட்டையோடு நேரில் போய்க் கேளுங்கள். மலையில் தபால்காரர் உங்கள் லைனுக்கு எப்போது வருவார் என்று காத்திருப்பதைவிட அது மேல்.

ஜூன் 4, காலை 7.45

ஏற்காடு என்றதும் இன்னொன்று. மையத்தில் பத்து விரல் ரேகையையும் எடுப்பார்கள். காப்பிப் பழம் பறித்த கை, மிளகு உதிர்த்த கை, சிவதாபுரம் கொலுசுப் பட்டறையில் மெருகு போட்ட கை, இவற்றில் விரல் நுனி வழவழவென்று தேய்ந்தோ வெடித்தோ இருக்கும். கண்ணாடிமேல் வைத்தால் பச்சை விளக்கு வராது. மறுபடி வை, துடைத்துவிட்டு வை, அழுத்தி வை என்று நேரம் போகும். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே இரவில் தேங்காய் எண்ணெய் தடவிப் படுங்கள். போகும் அன்று காலை சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள், எண்ணெய்ப் பசையோடு வைத்தாலும் படியாது. சுபகாரியம் முடிந்து மருதாணிக் கையோடு போவதும் சிக்கல்தான்.

புகைப்படம் அங்கேயே எடுப்பார்கள். எடுத்துப்போகத் தேவையில்லை. 4 வயதுக்குக் கீழான குழந்தைக்கு மட்டும் வெள்ளைப் பின்னணியில் படம் கொண்டுபோக வேண்டும்.

ஜூன் 4, இரவு 8.30

கோவையில் 6-ஆம் தேதிக்கு ஸ்லாட் கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. மையத்துக்குள் நடப்பது இது.

15 நிமிடம் முன்னால் போனால் போதும். விடியற்காலையே போய் நின்றாலும் முன்னதாக உள்ளே விடமாட்டார்கள். அப்பாயிண்ட்மென்ட் குறுஞ்செய்தியே போதும், அச்சு நகல் கட்டாயமில்லை. டோக்கன் தருவார்கள். முதலில் ஏ கவுண்ட்டர்: ஆவணங்களை ஸ்கேன் செய்து, படம், ரேகை எடுத்து, கட்டணம் வாங்குவார்கள். திரையில் உங்கள் பெயரையும் முகவரியையும் காட்டிச் சரியா என்று கேட்கும் நேரம் இங்கேதான். தலையாட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்றால், முதல் நாளே பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்; அதை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். பிறகு பி கவுண்ட்டரில் அதிகாரி அசல்களைச் சரிபார்ப்பார். சி கவுண்ட்டரில் முடிவு. கிளம்பும்போது ஒரு ரசீது தருவார்கள், அதில் கோப்பு எண் இருக்கும். அதைப் படமெடுத்து வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் அசல் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நகலும் வேண்டும். டிஜிலாக்கரில் இருக்கிறதே என்று அசலை வீட்டில் வைத்துவிட்டு 165 கிலோமீட்டர் போகாதீர்கள்.

ஏதாவது குறை என்றால் கோப்பை நிறுத்திவைப்பார்கள். குறையை நிவர்த்தி செய்து மறுபடி போகலாம். அப்பாயிண்ட்மென்டை முதல் தேதியிலிருந்து ஓர் ஆண்டுக்குள் மூன்று முறை மாற்றிக்கொள்ளலாம். உங்கள் கணக்கில் ஒரு முறைக்குக்கூட இடமில்லை என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஜூன் 5, காலை 9.00

முதல் நாள் ஒன்றை லேசாகச் சொல்லிவிட்டேன். திருத்திக்கொள்கிறேன். போலீஸ் விசாரணை சேலம் முகவரிக்கு வரும் என்று எழுதினேன், எப்போது என்று சொல்லவில்லை. தட்கலில் பாஸ்போர்ட் முதலில் வரும், விசாரணை பிறகு வரும். அதாவது அம்மா சிங்கப்பூரில் இருக்கும்போதே காவலர் அம்மாபேட்டை வீட்டுக்கு வரக்கூடும். வீடு பூட்டியிருந்தாலோ, அக்கம்பக்கத்தார் “தெரியாதுங்க” என்று சொன்னாலோ, அந்த முகவரியில் இல்லை என்று அறிக்கை போய்விடும். பிறகு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். பாஸ்போர்ட் முடக்கப்படவும் கூடும். தட்கலில் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டதால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் மாட்டுவது இங்கே.

எனவே சமர்ப்பித்த மறுநாளே அம்மாவை அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய், கோப்பு எண்ணைச் சொல்லி, பயணத் தேதியையும் சொல்லிவிடுங்கள். கோப்பு அங்கே வந்திருந்தால் கிளம்பும் முன்பே முடித்துத் தரக் கேட்கலாம். வீட்டில் இருக்கப்போகிறவரிடம் ஆவண நகல்களைக் கொடுத்து வையுங்கள். இரண்டு பக்கத்து வீட்டாருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும்.

ஜூன் 5, மதியம் 1.40

“பழைய அடிதடி கேஸ் ஒண்ணு கோர்ட்ல இருக்கு, தட்கல்ல போட்டா விசாரணை பின்னாடிதானே, வெளிநாடு போயிட்டு வந்துரலாமா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். படிவத்திலேயே அந்தக் கேள்வி இருக்கிறது. மறைத்தால் அது பாஸ்போர்ட் சட்டம் 1967-இன்படி தனிக் குற்றம், பாஸ்போர்ட்டையும் பறிமுதல் செய்யலாம். வழக்கு நிலுவையில் உள்ளவர்களுக்கு 1993 ஆகஸ்ட் 25-ஆம் தேதியிட்ட மத்திய அரசின் அறிவிக்கை ஒன்று வழி வைத்திருக்கிறது: வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் வெளிநாடு செல்ல அனுமதி ஆணை வாங்கி, அதோடு விண்ணப்பிப்பது. வக்கீலைப் பாருங்கள். அவசரப் பயணத்துக்கு இது ஒத்துவராது, ஆனால் நேர்வழி இது ஒன்றுதான்.

ஜூன் 7, காலை 8.15

நேற்று ஏற்கப்பட்டுவிட்டதாம். இப்போது சும்மா காத்திருக்க வேண்டாம். விசாவுக்கான புகைப்படம், தங்கை கணவரின் அழைப்பு, அவர்களுடைய அங்கே தங்கும் அனுமதி நகல் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். சிங்கப்பூர் விசாக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர்; அங்கீகரிக்கப்பட்ட முகவர் தன் கூலியைத் தனியாக வாங்குவார். பாஸ்போர்ட் வந்த மணி நேரத்திலேயே முகவரிடம் இருக்க வேண்டும்.

வந்ததும் உறையைப் பிரித்து முதலில் பார்க்கவேண்டியது பெயர், பிறந்த தேதி, கடைசிப் பக்கத்தில் கணவர் பெயர், முகவரி. டிக்கெட்டில் உள்ள பெயரோடு வைத்துப் பாருங்கள். நீங்கள் பாஸ்போர்ட்டுக்கு முன்பே டிக்கெட் போட்டவர்கள், வித்தியாசம் இருந்தால் விமான நிறுவனத்திடம் உடனே திருத்தக் கேளுங்கள். கையொப்பம் இட மறக்காதீர்கள். இப்போது வருபவை அட்டையில் சிப் வைத்த இ-பாஸ்போர்ட். அட்டையின் முகப்பில் கீழே பொன்னிறத்தில் சிறு குறி இருக்கும். மடக்குவது, ஸ்டேப்ளர் அடிப்பது கூடாது.

ஜூன் 12, இரவு 9.10

நேற்று கைக்கு வந்து இன்று காலை விசாவுக்குப் போயிருக்கிறது. ஏழெட்டு நாளில் 20-ஆம் தேதி.

இடையில் இருவர் கேட்டதற்குச் சுருக்கமாக.

பாஸ்போர்ட் இருக்கிறது, இன்னும் 4 மாதம் செல்லும், தாய்லாந்து போகலாமா? போகமுடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, அமீரகம் எல்லாம் ஆறு மாதம் கேட்கும், செக்-இன் கவுண்ட்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். முடிவதற்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்கலாம். முகவரியும் பெயரும் மாறாத புதுப்பித்தலில் தட்கல் இன்னும் வேகம்: போலீஸ் விசாரணை தேவையில்லை என்றால் அடுத்த வேலை நாளே அனுப்பிவிடுவார்கள்.

கைக்குழந்தைக்கு? 2023 அக்டோபர் 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே பிறந்த தேதிச் சான்று. அதில் குழந்தையின் பெயர் ஏறியிருக்க வேண்டும். மருத்துவமனை கொடுத்த பெயரில்லாச் சான்றோடு போய் நிற்காதீர்கள். மாநகராட்சியில் பெயர் சேர்த்த பிறகு வாருங்கள். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட அனெக்சர் டி என்ற உறுதிமொழி வேண்டும். கட்டணம் 900, தட்கல் என்றால் கூடுதலாக 2,000.

ஜூன் 17, மாலை 6.30

விசா வந்துவிட்டது என்று அம்மாபேட்டையிலிருந்து செய்தி. காவலரும் நேற்று வந்து பார்த்துவிட்டுப் போனாராம், அம்மா வீட்டில் இருக்கும்போதே. நிம்மதி.

இனி மிச்சம் ஒன்றே ஒன்று. சிங்கப்பூர் வருகை அட்டையை, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்பவேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் வந்தால் மூடிவிடுங்கள். 20-ஆம் தேதி இறங்கினால் நாளை முதல் நிரப்பலாம். பெயரைப் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதுங்கள், ஆதாரைப் பார்த்து அல்ல.